ஒரு மலை, ஒரு சுனை, ஒரு ராஜ்ஜியம்

ராயக்கோட்டை மலைமேல் ஏறி நின்றால் என் அப்பா மலைகளுக்குப் பெயர் சொல்லுவார். வடக்கே சூலம் நட்டதுபோல் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்பது சூளகிரி. கிழக்கே புகைமூட்டத்தில் கருத்துத் தெரிவது கிருஷ்ணகிரி. மேற்கே தேன்கனிக்கோட்டைக் காடு. ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "அது ஒரு ராஜ்ஜியம்டா, இது ஒரு ராஜ்ஜியம்" என்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் படித்த ராஜ்ஜியங்களுக்குக் கடலும் கப்பலும் யானைப் படையும் இருந்தன.

"ராஜ்ஜியம்னா என்னப்பா?"

"மேல சுனை இருக்கணும். கீழ ராகி வெளையணும். ஓடி வர்றவன் ஏறுறதுக்கு ஒரு வழி இருக்கணும். அது போதும்."

மூன்றாவது விதியை அவர் ஏன் சேர்த்தார் என்பது எனக்குப் புரிய ஐம்பது ஆண்டுகளாயின. புரிந்த இடம் ராயக்கோட்டை அல்ல. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் கிடக்கும் லெசோத்தோ என்ற மலை நாட்டில், தாபா போசியூ என்ற குன்றின் உச்சி.

*

எங்கள் குடும்பம் ராயக்கோட்டைக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்கள் நாங்கள். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடிய பஞ்சம் அது. கோலார் பக்கத்திலிருந்து என் கொள்ளுத்தாத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய அம்மா நடந்தே வந்தாளாம். கூடப் புறப்பட்ட மற்றவர்கள் வந்து சேரவில்லை. மலை அடிவாரத்தில் கன்னடம் பேசும் ஒரு குடியானவர் தன் மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தார். மழை பெய்து புல் முளைத்ததும் ஒரு கறவை மாட்டை அவளிடம் வாரத்துக்கு விட்டார்.

வாரத்துக்கு மாடு விடுவது இன்றும் எங்கள் பக்கத்தில் உண்டு. மாடு கொடுத்தவருடையது. பால் வளர்ப்பவருக்கு. முதல் கன்று மாட்டுக்காரருக்குப் போகும், அடுத்த கன்று வளர்ப்பவருக்கு நிற்கும். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான்.

அந்த மாடு அவளிடம் வந்து முதல் கன்று ஈனும் முன்பே, பஞ்சத்தின் பின்னால் வந்த காய்ச்சலில் அந்தக் குடியானவர் வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். கன்றைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. யாராவது வாசலில் வந்து நின்றால் என் பாட்டி கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், "ஒரு கன்னு பாக்கி இருக்குதில்ல நமக்கு" என்பாள்.

*

1982-ல் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஓசூர் அப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டு லாரியும் டிவிஎஸ் மொபெடும் அங்கே உருவாகத் தொடங்கின, அந்தப் பத்தாண்டுக்குள் டைட்டன் கைக்கடிகாரமும் வந்தது. ராகி வயலுக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் நடுவே சங்கு ஊதியது. என் வரிசையில் நின்றவர்களில் ஒருவன் வீட்டில் தெலுங்கு, ஒருவன் வீட்டில் கன்னடம், ஒருவன் வீட்டில் உருது, இன்னொருவன் வீட்டில் மராத்தி. மெஷின் முன்னால் எல்லோருக்கும் தமிழ். டீக்கடையில் எந்த மொழியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு நண்பனும் அப்பா சொன்ன ராஜ்ஜியங்களைத் தேடிப் போனோம். முதலில் சைக்கிளில், பிறகு டிவிஎஸ் ஐம்பதில். ஒரு தூக்கில் களி உருண்டை, இன்னொன்றில் மொச்சைக்கொட்டைச் சாறு.

ஓசூர் மேட்டு நிலத்துக்குக் கீழே உள்ள பகுதியைப் பாராமகால் என்பார்கள். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று பொருள் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று நாங்கள் ஏறியவற்றில் எல்லாம் ஒரே அமைப்பைப் பார்த்தோம். வழுக்குப் பாறை, அதில் வெட்டிய படி, வளைந்து திரும்பும் இடத்தில் வாசல், உச்சியில் சுனை. விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கு ஒதுங்கிய காலத்தில் அந்த நகரைக் காத்து நின்றதற்காக ஜெகதேவராயருக்கு இந்த நாடு கிடைத்தது. ஜெகதேவி அவர் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. மேட்டு நிலத்தில், ஓசூரைச் சுற்றி, இன்னும் சின்ன அரசுகள்: சூளகிரி, பாகலூர், பேரிகை, அங்குசகிரி பாளையங்கள். காலையில் ஒன்றில் புறப்பட்டால் மாலைக்குள் அடுத்ததில் சோறு உண்ணலாம்.

பெரியவர்கள் இந்தச் சின்ன அரசுகளைத் தாண்டித்தான் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஹைதர் அலி, திப்பு சுல்தான், கம்பெனிப் படை என்று எல்லோருக்கும் மைசூருக்குப் போகும் வழி இந்தக் கணவாய்கள்தான். 1791 ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலையைப் பிடிக்க மேக்ஸ்வெல் தலைமையில் வந்த படை, கீழ்க்கோட்டையைத் தாண்டி மேலே ஏற முடியாமல் திரும்பியது. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் மொத்தமும் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இளம் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். 1799-ல் திப்பு மடிந்த பிறகு ஓசூர் மேட்டு நிலமும் சேர்ந்தது. அதன் பிறகு சேலம் மாவட்டம், 1965-ல் தருமபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். ராஜ்ஜியங்கள் தாலுகாக்களாகி, பிர்க்காக்களாகி, பேருந்து நிறுத்தங்களாகிவிட்டன.

பாளையக்காரர்களை நான் புகழ வரவில்லை. வரியும் வெட்டி வேலையும் அவர்கள் காலத்திலும் இருந்தன. ஆனாலும் சூளகிரிக்குக் கீழே பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். இந்தக் குன்று தனக்கென ஒரு பெயரும் கொடியும் வைத்துக்கொண்டு இன்றுவரை ஒரு நாடாக நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

*

2018 மார்ச்சில் ஓய்வு பெற்றேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், "மாமா, கோட்டை கோட்டையா சுத்துனீங்களே, இன்னும் ராஜா இருக்குற மலை நாடு ரெண்டு இங்க இருக்கு. வந்து பாருங்க" என்று அழைத்தான். ஏப்ரலில் போனேன்.

டர்பன் தமிழருக்கு அந்நியமான ஊர் அல்ல. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இன்றும் காவடி எடுக்கிறார்கள். தமிழ் பேச வராத ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

முதலில் சுவாசிலாந்து போனோம். 17,364 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். எங்கள் பயணம் முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 19-ல், மன்னர் மூன்றாம் முசுவாட்டி நாட்டின் பெயரை எஸ்வாத்தினி என்று மாற்றி அறிவித்தார். சுவாசி மக்களின் நாடு என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லும் பெயர்.

அங்கே இங்குவென்யா மலையில் ஒரு பழைய சுரங்கத்தைப் பார்த்தேன். சிங்கக் குகை என்று பெயர். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் உடம்பில் பூசச் செம்மண்காவியை அங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதே மலையின் இரும்புத் தாதுவை 1960-களில் ஜப்பானுக்கு ஏற்றினார்கள். அதற்காகவே ரயில் பாதை போடப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் இரும்போடு வாழ்ந்தவன் நான். அந்தச் சிவந்த பாறையில் கை வைத்து நின்றபோது நெஞ்சு அடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, எங்கள் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது மறுபடி அந்தச் சிவப்புதான் கண்ணில் வந்தது. மலைகள் மனிதனுக்கு முதலில் ஒளிய இடம் கொடுத்தன, பிறகு கையில் ஆயுதம் கொடுத்தன.

*

லெசோத்தோவுக்கு சானி கணவாய் வழியாக ஏறினோம். அந்தப் பெயரை நாம் எழுதுவதுபோல் அவர்கள் சொல்வதில்லை, 'லெசூட்டு' என்கிறார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலைச் சுவரில் ஊசித் திருப்பங்களாகப் போகும் சரளைப் பாதை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தான் அனுமதி. மேலே எல்லைச் சாவடி இருக்கும் இடம் 2,876 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட உயரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ் ஏறும்போதே காற்று மாறுவதை உணர்கிறவன் நான். இங்கே மூச்சே மாறியது.

நாடு முழுவதும் உயரத்திலேயே இருக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இப்படி ஓர் அடித்தளம் கிடையாது. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர், நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. 2016 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் இருபது லட்சம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏறத்தாழ 18.8 லட்சம் பேர். எங்கள் ஒரு மாவட்டத்தின் தலைக்கணக்குதான், ஆனால் ஐக்கிய நாடுகள் சபையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

வழியெல்லாம் மரமில்லாத புல்வெளி. பழுப்பேறிய புல்லில் ஆட்டு மந்தை. மந்தைக்குப் பின்னால் கம்பளியைத் தோளில் குத்தி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட சிறுவர்கள். மழைநாளில் எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் கம்பளியைக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. அங்கே ஆடு மேய்ப்பவர் முதல் அரசர்வரை கம்பளி உண்டு. திருமணத்துக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று. குதிரைமேல் போகிறவர்களும் கம்பளியோடுதான். பசோத்தோ குதிரை என்று பேர் பெற்ற, மலை ஏறச் சலிக்காத குட்டை இனம் அது.

எங்களுக்கு வண்டி ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர். இளமையில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்தவர். அவர் தலைமுறையில் ஊருக்கு ஊர் ஆண்கள் அப்படித்தான் போனார்கள் என்றார். முதல் நாளே எனக்கு ஒரு வணக்கம் கற்றுக் கொடுத்தார். 'லுமேலா, ந்தாதே.' ந்தாதே என்றால் அப்பா. முன்பின் தெரியாத பெரியவரை அப்பா என்றுதான் அழைக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் அம்மா. அதற்குப் பிறகு அந்த நாடு எனக்கு வெளிநாடாகத் தெரியவில்லை.

மொக்கோட்லோங் என்ற ஊரில் இரவு தங்கினோம். தட்டில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டி வந்தது. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுக் கட்டையால் கிளறி இறுக்கியது. 'பாப்பா' என்கிறார்கள். பக்கத்தில் கடைந்த கீரை. ஓட்டுநர் கையால் பிட்டு, உருட்டி, கீரையில் தொட்டு வாயில் போட்டார். நானும் அப்படியே செய்தேன். என் தங்கை மகன் சிரித்தான். "மாமா, நம்ம களி!"

நம் களிதான். மாவு மட்டும் வேறு. வயிற்றுக்குள் இறங்கியபோது வேறொன்றும் நினைவு வந்தது. நாம் நம்முடையது என்று சொல்லும் ராகி பிறந்த இடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ கொண்டுவந்து நம் செம்மண்ணில் தூவியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் ஒரு மலையிலிருந்து அகதியாக வந்து எங்கள் மலையில் குடியேறிய தானியத்தைத் தின்று வளர்ந்தவன், இன்னொரு மலையில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தேன்.

*

தாபா போசியூ பெரிய மலை அல்ல. மேலே தட்டையான மணற்பாறைக் குன்று, தலைநகர் மாசேருவிலிருந்து அரைமணி நேரப் பயணம். அடிவாரத்திலிருந்து அளந்தால் உயரத்தில் எங்கள் கிருஷ்ணகிரி மலைக்கு ஈடாகாது. ஏறும் வழிகள் சில இடங்களில்தான், அவையும் குறுகல். உச்சியில் ஊற்று, மேய்ச்சலுக்குப் புல், வீடுகளின் கல் அடித்தளங்கள், அரசர்களின் கல்லறைகள். வழிகாட்டியாக வந்த இளம்பெண் கம்பளியை இறுக்கிக்கொண்டு கதை சொன்னாள்.

1820-களில் தென்னாப்பிரிக்காவின் உள்நாடு முழுவதும் போரும் பஞ்சமும். குலங்கள் சிதறி ஓடின. புத்தா-புத்தே என்ற மலையில் ஒரு சிறு தலைவன் தன் மக்களோடு முற்றுகையில் சிக்கித் தப்பினான். மொஷ்வேஷ்வே என்பது அவன் பெயர். சவரக் கத்தி தாடியை வழிக்கும் ஓசை அந்தப் பெயர் என்றாள். 1824-ல் தன் ஆட்களை நடத்திக்கொண்டு இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தான். வந்து ஏறியது இரவில். அதனால் இரவின் மலை, தாபா போசியூ.

அந்த ஆண்டைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். 1824-ல்தான் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் கம்பெனிப் படைக்காகக் குதிரைப் பண்ணை தொடங்கப்பட்டது. எங்கள் சின்ன ராஜ்ஜியங்கள் முடிந்து, அந்த மண்ணில் வேறொருவரின் குதிரைகள் மேயத் தொடங்கிய அதே ஆண்டில் இங்கே ஒரு சின்ன ராஜ்ஜியம் பிறந்திருக்கிறது.

வரும் வழியில் மொஷ்வேஷ்வேயின் தாத்தா பின்தங்கிவிட்டார். பஞ்சத்தில் மனிதரைத் தின்னத் துணிந்துவிட்ட ஒரு கூட்டம் அவரைப் பிடித்துக் கொன்று தின்றுவிட்டது. பிறகு அந்தக் கூட்டம் பிடிபட்டது. கொன்றுவிடலாம் என்றார்கள் வீரர்கள். மொஷ்வேஷ்வே மறுத்துவிட்டான். என் தாத்தாவின் கல்லறை இவர்கள் வயிறுதான், முன்னோர் கல்லறையை நான் இடிக்க மாட்டேன் என்றானாம். அவர்களுக்குச் சடங்கு செய்து தூய்மைப்படுத்தி, நிலமும் மாடும் கொடுத்துக் குடியமர்த்தினான். 1831-ல் உம்சிலிகாசி என்ற வேறோர் அரசனின் படை குன்றைத் தாக்கியது. மேலிருந்து உருண்ட பாறைகளில் நொறுங்கித் திரும்பியது. திரும்பியவர்களின் பின்னால் கொழுத்த மாடுகளை அனுப்பி வைத்தான். பசியால்தான் வந்திருப்பார்கள், தின்றுவிட்டு அமைதியாகப் போகட்டும் என்று சொல்லியனுப்பினான்.

"எங்கள் குலம் ஒன்று இல்லை" என்றாள் வழிகாட்டி. "இங்கே ஓடி வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் பசோத்தோ. வெறுங்கையோடு வந்தவனுக்கு அரசர் மாடு கொடுப்பார். மாடு அரசருடையது. பால் வளர்ப்பவருக்கு. காளையாக இருந்தால் ஏரில் கட்டிக்கொள்ளலாம். இதற்கு மாஃபிசா என்று பெயர்."

நான் அவளை மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். என்னால் நிற்க முடியவில்லை. ஒரு வீட்டின் பழைய அடித்தளக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை மகன் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். கோலார் பக்கத்திலிருந்து இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தவளையும், கொட்டகையில் அவளுக்காகக் கட்டியிருந்த மாட்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சொன்ன மூன்றாவது விதி அப்போதுதான் விளங்கியது. சுனையும் ராகியும் இருந்தால் ஒரு தலைவன் பிழைத்துக்கொள்வான். ஓடி வருகிறவனுக்கு வழி இருந்தால்தான் அது ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியமும் எல்லாவற்றையும் காத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் வெள்ளையரோடு நடந்த போர்களில் கலெடன் நதிக்கு மேற்கே இருந்த நல்ல விளைநிலங்களை இழந்தது. 1868-ல் மொஷ்வேஷ்வே பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் இறந்தார். ஆனால் தாபா போசியூவை எந்தப் படையும் கடைசிவரை பிடிக்கவில்லை. சுற்றிலும் தென்னாப்பிரிக்கா ஒன்றிணைந்தபோதும் இந்த மலை நாடு தனித்து நின்று, 1966 அக்டோபர் 4-ல் விடுதலை பெற்றது. அவர்கள் கொடியின் நடுவில் இருப்பது சிங்கமோ கத்தியோ அல்ல, குடியானவர் தலையில் வைக்கும் புல் தொப்பி. நாட்டின் முழக்கம் மூன்று சொற்கள்: அமைதி, மழை, வளம்.

மாசேருவில் ஒரு மாலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்றேன். சங்கு ஊதியது. கம்பளி போர்த்திய பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அமெரிக்கக் கடைகளுக்கு ஜீன்ஸும் டி-சர்ட்டும் தைக்கிறவர்கள். வாசலில் அவித்த சோளமும் ஆரஞ்சும் விற்கிறவர்கள் கூவினார்கள். முகங்களை மட்டும் மாற்றிவிட்டால் சிப்காட்டில் முதல் ஷிப்ட் விடும் நேரம்தான். அந்தக் களைப்பை நான் அறிவேன். கால் வீங்கிய நடையையும் அறிவேன்.

*

திரும்பி வந்த பிறகு எங்கள் மலைகளை முன்போல் பார்க்க முடியவில்லை.

லெசோத்தோ தன் மழையைக் கட்செ என்ற இடத்தில், 185 மீட்டர் உயர அணையில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் அனுப்புகிறது. அதற்குப் பணம் பெறுகிறது. சின்ன நாடு பெரிய நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. எங்கள் தென்பெண்ணையும் மேலிருந்துதான் வருகிறது, நந்தி மலையில் பிறந்து. நான் ஓசூருக்கு வந்த புதிதில் அதில் குளித்திருக்கிறேன். இன்று மேலே இருக்கும் பெருநகரத்தின் கழிவும் சேர்ந்து, மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அதைப் பார்த்து வீடு திரும்பிய நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிருஷ்ணகிரியைச் சுற்றி மலைகள் கருங்கல் பலகைகளாக அறுக்கப்பட்டு லாரியில் போகின்றன. அப்பா பெயர் சொன்ன குன்றுகளில் சில பாதியாகிவிட்டன. மல்லசந்திரம் மலைமேல் கல்திட்டைகள் இருக்கின்றன. மூவாயிரம் ஆண்டுகள் அளவில் பழமையானவை, செத்தவர்களுக்காகப் பெரும் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய வீடுகள். செத்தவனுக்குக் கூட மலைமேல் இடம் ஒதுக்கியவர்களின் மண் இது. உயிரோடிருக்கும் யானைக்கு இன்று அந்த இடம் இல்லை. ராகி முற்றும் மாதங்களில் தளி, ஜவளகிரி காடுகள் வழியாக வந்து சானமாவு காட்டில் தங்கும் யானைகள் இரவில் நெடுஞ்சாலையைத் தாண்டத் தயங்கி நிற்கின்றன. மலையை வெறும் கல் என்று நினைத்தால் இவையெல்லாம் நமக்குச் செய்தியாகவே இருக்கும். மலை ஒரு வீடு என்று நினைத்தால் ஒவ்வொன்றும் நம் வீட்டுச் சுவர் இடிவதாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

*

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சிப்காட்டில் சங்கு நின்றது. எங்கள் வீடு ராயக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். நான்கு பையன்கள். முதுகில் பை, ஒருவன் கையில் பிளாஸ்டிக் வாளி. வேலை நின்றுவிட்டது, தங்கிய அறையும் போய்விட்டது. ஒடிசாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். எப்படி என்று கேட்டேன். நடந்து என்றான் ஒருவன்.

நான் பதில் தேடிக்கொண்டு நிற்கும்போதே என் மனைவி பின்கட்டு அறையின் சாவியை எடுத்துவிட்டாள். மாவு, விதை வைத்திருந்த அறை. மூட்டைகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தோம். அன்று மதியம் அவள் பெரிய சட்டியில் களி கிளறினாள். அரிசிச் சோறு தின்கிற பிள்ளைகளோ என்னவோ என்று எனக்குத் தயக்கம்.

தட்டில் கருத்த உருண்டையைப் பார்த்ததும், பேசாமலே இருந்த கடைசிப் பையன் முகம் மாறியது. "மாண்டியா!" என்றான். அவன் ஊர் கோராபுட் மலை. அங்கே ராகிக்கு அதுதான் பெயர். கையால் பிட்டு, உருட்டி, சாற்றில் தொட்டு, மெல்லாமல் விழுங்கினான். களியை மெல்லக் கூடாது என்பது மலைக்காரனுக்குத்தான் தெரியும்.

ரயில் விடும்வரை அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். போகும் அன்று அந்தப் பையன் வாடகை என்று மடித்த நோட்டுகளை என் மனைவி கையில் வைக்கப் பார்த்தான். அவள் வாங்கவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்து, என் பாட்டி சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"வேணாம்ப்பா. எங்க வீட்டுல ஒரு கன்னு பாக்கி இருந்துச்சு."